பாட்டுப் படித்தலும் கோடல் மரபும்: ‘கற்றல் பாணி’ என்னும் கலைச்சொல் குறித்த ஒரு திறனாய்வு

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்த சிற்றூர் தனுவச்சபுரம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப்பாதையில் அதனை அடுத்த நிலையம் பாறசாலை. அதற்கப்பால் களியக்காவிளை, தமிழ்நாடு. இவ்வெல்லைப் பகுதி வீடொன்றில் ‘பிள்ளை பாட்டுப் படிக்கிறாள்’ என்னும் பொருள்படும் தொடர் ஒலிக்குமாயின், கேட்பவரின் மொழியைப் பொறுத்து அதன் பொருள் இரண்டாகும். தமிழ் வழக்கில் பழகிய செவிக்கு அப்பிள்ளை பாடிக்கொண்டிருக்கிறாள். மலையாள வழக்கில் பழகிய செவிக்கு அவள் இசை கற்றுக்கொண்டிருக்கிறாள். அவ்வேளையில் அவள் வாய் திறந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மொழிபெயர்ப்பாளர் இடறும் இடங்களுள் இஃது ஒன்று. ஒலி ஒத்திருப்பதால் ஐயமே எழாமற் போவதுதான் இவ்விடத்தின் இடர்.

இவ்வேறுபாடு ஒரு சொல்லின் விபத்து அன்று. அறிவை ஏற்கும் செயலைத் தமிழும் மலையாளமும் எவ்வாறு பகுத்துள்ளன என்பதை அது காட்டுகின்றது. கற்போரை வகைப்படுத்தும் கல்வியியல் கருத்தொன்றைத் தமிழில் பெயர்க்கும்போது இப்பகுப்பைக் கணக்கில் கொள்ளாமை எத்தகைய பிழைக்கு இட்டுச் செல்லும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

படி, கேள், பயில்

பொதுத்தமிழில் ‘படித்தல்’ என்பது நூலை வாசித்தலையும் பள்ளிக் கல்வி பெறுதலையும் பாடுதலையும் குறிக்கும். மலையாளத்தில் வாசித்தலுக்கு ‘வாயிக்குக’ என்னும் தனிச்சொல் நின்றுவிட்டமையால் ‘படிக்குக’ என்பது கற்றல் முழுமைக்கும் விரிந்தது. நீந்தவும் படிக்கலாம், வண்டி ஓட்டவும் படிக்கலாம், வாழ்க்கையில் அடிபட்டும் படிக்கலாம். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதித் தமிழ்ப் பேச்சும் இவ்விரிவை ஏற்றுக்கொண்டுள்ளது. நீச்சல் படித்தல் அங்கு இயல்பான வழக்கு. மலையாளச் சொல் வடமொழி அடியினது என்பதை அதன் எழுத்தே காட்டும். தமிழ்ச் சொல்லின் மூலம் பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. ஈழத் தமிழரோ உடலாற் கற்பவற்றுக்குப் ‘பழகுதல்’ என்பதை ஆள்வர். சைக்கிள் பழகினான் என்பது அவர்தம் வழக்கு.

‘கேள்’ என்னும் வினையில் நிலைமை தலைகீழாகின்றது. தமிழில் செவியால் ஏற்றலும் வினாவுதலும் ஒரே சொல்லால் குறிக்கப்படும். மலையாளம் வினாவுதலுக்குச் ‘சோதிக்குக’ என்பதை ஆள்வதால் ‘கேள்க்குக’ பெரும்பாலும் செவிப்புலனோடு நின்றுவிடுகின்றது. ‘பாடம் கேட்டல்’ என்னும் பழந்தமிழ்த் தொடரை மலையாளத்தில் அவ்வாறே பெயர்த்தால் வாய் மூடி அமர்ந்திருக்கும் மாணவனே தோன்றுவான். தமிழ் மரபில் பாடம் கேட்பவன் ஐயம் வினவுபவனும் ஆவான். திருக்குறள் கல்விக்கு நாற்பதாம் அதிகாரத்தையும் கேள்விக்கு நாற்பத்திரண்டாம் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்தது. எனினும் கற்போர் ஒரு சாதி, கேட்போர் மற்றொரு சாதி என்று வள்ளுவர் பிரிக்கவில்லை. நூல் கல்லாதவனுக்கும் கேள்வி உண்டு என்பது அவர் கருத்து. இரண்டும் வழிகள், இருவகை மனிதர் அல்லர்.

இவ்வேறுபாட்டை மறந்த இடத்தில்தான் ‘கற்றல் பாணி’ என்னும் தொடர் வந்து அமர்ந்தது.

வாயில்களாற் பகுத்தல்

மாணாக்கரைக் காட்சிவழிக் கற்போர், செவிவழிக் கற்போர், செயல்வழிக் கற்போர் எனப் பிரித்து, அவரவர்க்கு ஏற்ற வாயிலால் பாடத்தைச் செலுத்தினால் கல்வி சிறக்கும் என்பது ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் உலகெங்கும் பரவிய கோட்பாடு. நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் 1992ஆம் ஆண்டில் காலீன் மில்சுடன் இணைந்து வெளியிட்ட கட்டுரை, வாசித்தல்–எழுதுதல் என்பதையும் சேர்த்து நான்காக்கியது. வகைகள் இவற்றோடு நிற்கவில்லை. 2004இல் பிராங்க் காபீல்டும் அவர்தம் குழுவினரும் பிரித்தானியாவில் மேற்கொண்ட மதிப்பாய்வில் 71 வகைப்பாட்டு முறைகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் 13 மட்டும் விரிவாக ஆராயப்பட்டன. எழுபத்தொரு விதமாக ஒருவரைப் பகுக்க இயலுமாயின், பகுப்பு அவரிடத்து உள்ளதா பகுப்பவரிடத்து உள்ளதா என்னும் ஐயம் தவிர்க்க இயலாதது.

2008இல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியார்க் என்னும் நால்வர் இக்கோட்பாட்டைச் சோதிக்கும் அளவுகோலைத் தெளிவாக்கினர். காட்சி வகையினர் எனப்பட்டோரையும் செவி வகையினர் எனப்பட்டோரையும் இரு கற்பித்தல் முறைகளுக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். அனைவர்க்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். ஒரு வகையினர்க்கு ஒரு முறையும், மற்றவர்க்கு மறுமுறையும் சிறந்ததெனத் தெரிய வேண்டும். இவ்வளவுகோலுக்கு ஈடுகொடுக்கும் போதிய சான்று இல்லை என்பதே அவர்தம் முடிவு. மக்களுக்கு விருப்பம் உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை. படம் பார்க்க விரும்புவது வேறு. படத்தால் மட்டுமே நன்கு கற்பது வேறு. விருப்பத்தைத் திறனாக மாற்றிப் படித்ததே குற்றம்.

தமிழ்ப் பெயர்ப்பு இக்குற்றத்தை ஆழப்படுத்திவிட்டது. ‘பாணி’ என்னும் சொல் இசை, கூத்து, எழுத்து முதலியவற்றில் ஒருவர்க்கே உரிய போக்கைச் சுட்டுவது. ஒரு வித்துவானின் பாணி அவரோடு பிறந்து அவர் சீடர்களிடத்தும் தொடர்வது. மலையாளத்தில் இதற்கு வழங்கும் ‘படனசைலி’யும் அவ்வாறே. இவ்விரு சொற்களும் கற்றலை ஒருவரின் நிலைத்த குணமாக்கிவிடுகின்றன. ‘செவிவழிக் கற்போர்’ என்பதைச் சிலர் ‘கேள்விவழிக் கற்போர்’ எனவும் பெயர்ப்பதுண்டு. அது குறளின் கேள்வியை ஒரு நோய்க்குறிப்பின் அளவுக்குச் சுருக்கிவிடுவதாகும்.

எட்டு உவமைகள்

கற்போரை வகைப்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்க குலத்துச் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை எட்டு உவமைகளால் மூவகைப்படுத்துகின்றது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைப்பட்டோர்க்கு. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைப்பட்டோர்க்கு. மயிலைநாதர் முதல் ஆறுமுக நாவலர் வரை உரையாசிரியர் இவற்றை விளக்கியுள்ளனர். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். ஆ வயிறார மேய்ந்து பின் அசைபோடும். மண் உழவனின் உழைப்பளவே பயன் தரும். கிளி சொன்னதையே சொல்லும். இல்லிக்குடம் ஒழுகும். ஆடு ஒரு செடியில் நில்லாது எங்கும் நுனி கடிக்கும். எருமை தான் குடிக்கும் நீரைக் கலக்கும். நெய்யரி நல்லதைப் போகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும்.

இவ்வெட்டும் ஒன்றை உட்கொள்ளும் அல்லது ஏற்கும் செயல்கள் என்பது நோக்கத்தக்கது. அவற்றுள் ஒன்றேனும் கண், செவி, கை என்னும் வாயிலைப் பற்றியதன்று. பிற்காலக் கோட்பாடு அறிவு நுழையும் வாயிலைக் கேட்டது. நன்னூல் நுழைந்தபின் அதற்கு என்ன நேர்கின்றது என்று கேட்டது: பிரிக்கப்பட்டதா, அசைபோடப்பட்டதா, ஒழுகிப்போயிற்றா? வினாவின் தரத்தால் பழையது மேம்பட்டு நிற்கின்றது. இதனால் பழந்தமிழர் உளவியல் சோதனை நடத்தினர் என்று கூறுவது மிகை. அத்தகைய பெருமிதம் ஆய்வுக்கு உதவாது. பல்லாண்டு பாடஞ்சொல்லிய ஆசிரியர்கள் மாணவர்முன் அமர்ந்து கண்டதைச் சொல்லினர் என்பதே போதும்.

பாடங்கேட்டலின் வரலாறு எனப்படும் பகுதி இன்னும் கூர்மையானது. வழக்கறிதல், பாடத்தைப் பேணுதல், கேட்டதை நினைத்தல், ஆசிரியரை அணுகி மீண்டும் கேட்டல், ஒத்த மாணாக்கரோடு பயிலுதல், வினாவுதல், வினாவப்பட்டதற்கு விடையிறுத்தல் என்பன அங்குக் கடமைகளாகக் கூறப்படுகின்றன. இவை எவ்வகை மாணாக்கனுக்கு என்னும் வேறுபாடு அங்கு இல்லை, எல்லார்க்கும் இவையே. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தோர் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரம் கழிந்த தேர்விலோ, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். கேட்டதை நினைத்தலும் விடையிறுத்தலும் கடமைகளானதற்கு இது தக்க விளக்கம்.

அப்பகுதியே ஒரு கணக்கும் தருகின்றது. ஆசிரியரிடம் செவ்வையாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு; உடன் பயில்வோரால் மற்றொரு காற்பங்கு; பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இதனோடு ஒப்பிடத்தக்க கணக்கொன்று நம் காலத்திலும் உலவுகின்றது. வாசிப்பதில் பத்து விழுக்காடு, கேட்பதில் இருபது, செய்வதில் தொண்ணூறு என்று தொடரும் அக்கணக்கு எட்கர் டேல் என்னும் அமெரிக்கக் கல்வியாளரின் பெயரோடு ஒட்டப்பட்டு வருகின்றது. 1946இல் வெளிவந்த அவர் நூலில் அனுபவக் கூம்பு உண்டு, விழுக்காடுகள் இல்லை. அவை பிறரால் பின்னர் ஏற்றப்பட்டவை. நன்னூலின் பங்கீடும் அளந்து கண்டதன்று. ஆயினும் அது அளந்ததாகக் காட்டிக்கொள்ளவுமில்லை. ஆசிரியர் தம் பங்கு கால்தான் என்று ஒப்புக்கொள்ளும் அடக்கம் அதில் உள்ளது. விழுக்காடு என்னும் உருவம் பெற்றதும் கணக்கு அறிவியலின் உடையை அணிந்துவிடுகின்றது. ‘காற்கூறு’ என்பதை ‘25 விழுக்காடு’ என மொழிபெயர்ப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கிளியும் பன்னாடையும்

நன்னூலின் தரவரிசையையும் அப்படியே ஏற்க இயலாது. கிளி ஏன் இடைப்பட்டது? இலக்கணம் கற்பிப்பவர்க்கு, சொன்னதை மட்டும் சொல்பவன் குறைவுடையவன். இசை கற்பிப்பவர்க்கோ கிளியே தொடக்கம். பாறசாலையில் 1924இல் பிறந்த பாறசாலை பி. பொன்னம்மாள், திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. 2006இல் பத்மநாபசுவாமி கோயில் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணியும் அவரே, 2021இல் மறைந்தார். கருநாடக இசையில் பாடாந்தரம் என்பது குரு பாடியதைச் செவியால் வாங்கி, வாயால் அவ்வாறே திருப்பித் தருவது. பிரித்தறிதலும் அசைபோடுதலும் அதன்பின் வருவன. பாட்டுப் படித்தல் என்னும் தொடரின் தமிழ்ப் பொருளும் மலையாளப் பொருளும் அங்கு ஒன்றாகிவிடுகின்றன: பாடியே கற்கிறார், கற்பதே பாடலாகின்றது.

நெய்யரியின் நிலை இன்னும் விந்தையானது. உரையாசிரியர் அதனைப் பன்னாடை என்பர். பனை, தென்னை மட்டையின் அடியில் வலைபோல் அமைந்த நார். பனையேற்றம் வாழ்வாக இருந்த விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் அக்கானி எனப்படும் பதநீரை வடிகட்டப் பயன்பட்ட பொருள் அது. மலையாளத்தில் தென்னையின் அந்நாரைக் ‘கோஞ்ஞாட்ட’ என்பர். சீர்குலைந்தது என்னும் பொருளிலும் அது வழங்கும். தமிழில் பன்னாடை வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆனால் பனையேறிக்கு வேண்டியது கீழே வடிந்த பதநீர். நாரில் தங்கிய தூசி அன்று. அவர் நோக்கில் பன்னாடை தன் தொழிலைக் குறையறச் செய்கின்றது. நாரில் தங்குவது எதுவெனப் பார்க்கும் ஆசிரியர்க்கே அது கடைப்பட்டது. ஆகவே உவமையின் மதிப்பு பொருளில் இல்லை. யார் எதனை வேண்டி நிற்கின்றனர் என்பதில் உள்ளது. தனுவச்சபுரத்தில் வேலுத்தம்பி தளவாயின் நினைவாக 1964இல் தொடங்கிய என்.எஸ்.எஸ். கல்லூரியும் உண்டு, அரசு தொழிற்பயிற்சி நிலையமும் உண்டு. பொருத்துநர் பயிற்சியில் அன்னமாக விளங்குபவர் இலக்கிய வகுப்பில் இல்லிக்குடமாகலாம், மறுதலையாகவும் ஆகலாம். (தளவாய் பிறந்த தலக்குளம் இப்போது எல்லைக்கு மறுபுறம், குமரி மாவட்டத்தில் உள்ளது.)

எழுத்தில் தோன்றும் பிழை

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிக் கற்பிக்கும் வசதியை மொழிச் சிறுபான்மையினர்க்கு அளிக்க முயலுமாறு மாநிலங்களைப் பணிக்கும் 350ஏ பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்ததும் அதே ஆண்டின் ஏழாம் திருத்தத்தால்தான். பின்னர்த் தமிழ்நாடு 2006இல் தமிழ் கற்றல் சட்டத்தையும் கேரளம் 2017இல் மலையாள மொழி கற்றல் சட்டத்தையும் இயற்றின. எல்லையின் இருபுறமும் வீட்டுமொழியும் பள்ளிமொழியும் வேறான குழந்தைகள் உள்ளனர். அவர்களுக்குக் கற்றல் பாணி என்னும் கருத்து வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

வீட்டில் தமிழ் பேசி, மலையாள எழுத்துக் கற்கும் குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். தமிழில் ஒரு ககரம் நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு உள்ளன. செவியோ அவற்றைப் பிரித்துத் தருவதில்லை. ‘படிக்குக’ என்னும் சொல்லையே அது முதல் டகரத்தால் எழுதும். வேண்டியது அவ்வரிசையின் இரண்டாம் எழுத்து. கற்றல் என்று எழுதுவதிலேயே பிழை. (மலையாளமே வீட்டுமொழியான குழந்தைகளும் இப்பிழை செய்வதுண்டு, பேச்சில் அம்மூச்சொலி அங்கும் தேய்ந்துள்ளது.) வாய்மொழியில் விரைவாக விடைசொல்லி எழுத்தில் தடுமாறும் அக்குழந்தையைச் ‘செவிவழிக் கற்போர்’ எனக் குறித்துவிடுவது எளிது. குறித்தபின், எழுத்துப் பயிற்சியைக் குறைத்துக் கதை கேட்க விடுவதே அதற்கு ஏற்ற உதவி என்றாகும். அதற்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறானது: இரு நெடுங்கணக்குகளையும் அருகருகே வைத்து, எங்கு ஒன்று நான்காகின்றது என்பதைக் காட்டும் ஓர் ஒப்பீட்டுப் பாடம். தடை குழந்தையின் இயல்பில் இல்லை. இரு எழுத்து முறைகளுக்கு இடைப்பட்ட இடைவெளியில் உள்ளது. மொழியியலார் கண்டு கூற வேண்டிய செய்தியை உளவியல் முத்திரை மறைத்துவிடுகின்றது.

முத்திரையிடுதல் எங்குச் சென்று முடியும் என்பதற்கு நெய்யாற்றின்கரை வட்டாரமே சான்று தரும். நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரித்ததோடு நிற்கவில்லை. தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்போன் எனத் தொடங்கி, யாருக்குக் கற்பிக்கலாம் என்றும் வரையறுத்தது. மந்தன் உள்ளிட்ட சிலரை விலக்கியது. எவ்வாறு கொள்வான் என்னும் வினா, கொள்ளத் தக்கவன் யார் என்னும் வினாவாக அங்கு மாறிவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், வெங்ஙானூர் அய்யன்காளி பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளியில் சேர்க்க முயன்றபோது பள்ளிக்கே தீவைக்கப்பட்டது. அச்சிறுமி அன்னமா, இல்லிக்குடமா என்று அறியும் வாய்ப்பை அவர்கள் எவர்க்கும் தரவில்லை. நன்னூலாரைத் தீவைத்தோரோடு சேர்த்து எண்ணுவது நேர்மையன்று. எனினும் மனிதரை வகைப்படுத்தும் பட்டியலுக்கும் மனிதரை விலக்கும் பட்டியலுக்கும் இடையே அப்பாயிரத்தில் சில நூற்பாக்களே உள்ளன.

சொல்லுக்கு ஒரு மாற்று

‘பாணி’யை விடுத்து எச்சொல்லை ஆள்வது? பாயிரமே ஒன்றைத் தருகின்றது. பாடம் ஏற்கும் முறைமையை அது ‘கோடல் மரபு’ என்கின்றது. கொள்ளுதல் என்பதன் தொழிற்பெயரே கோடல். இதனின்றும் ‘கொள்வகை’ என்னும் சொல்லை ஆக்கலாம். ‘காட்சிவழிக் கற்போர்’ என்பது ஆளைக் குறிக்கும்; ‘காட்சிக் கொள்வகை’ என்பது செயலைக் குறிக்கும். ஒரே குழந்தை நிலப்படத்தைக் காட்சியாலும் கீர்த்தனையைச் செவியாலும் முடிச்சிடுதலைக் கையாலும் கொள்ளும் என்று சொல்ல இச்சொல் இடந்தரும். பொருளுக்கேற்ப வாயில் மாறுவதே இயற்கை. வாயிற்கோட்பாட்டைப் போற்றுவோரின் நூலை மொழிபெயர்க்கும்போது அவர் கருதியவாறே ‘பாணி’ என இடுதல் நேர்மையெனலாம். அக்கோட்பாட்டை ஆராயும் நூலில் அச்சொல்லையே ஆண்டால், மறுக்க வேண்டியதைப் பெயரிலேயே ஏற்றுக்கொண்டதாகும்.

எல்லைக்கு அப்பாலும் இச்சொல் அந்நியமாகாது. மலையாளத்தில் ‘உள்க்கொள்ளுக’ என்பது கருத்தை மனத்தில் ஏற்று உணர்தலைக் குறித்து நாள்தோறும் வழங்குகின்றது. அதே சொல் தமிழில் ‘உட்கொள்ளுதல்’ என நின்று, பெரிதும் உணவுக்கும் மருந்துக்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. கருத்தை ஏற்றலுக்குத் தமிழர் ‘உள்வாங்குதல்’ என்பதைத் தேடிக்கொண்டனர். பாறசாலையில் ஒருவர் பாடத்தை உள்க்கொண்டார் என்றால் அவர் அதனைப் புரிந்துகொண்டார். களியக்காவிளை கடந்து சில கல் தொலைவு சென்றபின் உட்கொண்டார் என்றால் எந்த மருந்தை என்று கேட்பர்.